நான் செய்யாத நேர்ச்சை

கொடைக்கானல்
30.1.1979

மரியாதைக்குரிய டைரக்டர் சார் அவர்களுக்கு, ஏரிக்கு மேலே ஞானமுத்து அய்யா பங்களாவில் அய்யாவைப் பார்த்துக்கொள்ளும் உபகாரம் எழுதுவது. தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், படம் ஓடுகிறது.

நீங்கள் என்னைப் பெண்ணாக்கிவிட்டீர்கள்.

கதை எழுதுவதற்காக எங்கள் பங்களாவின் பின்பக்க அறையில் வந்து தங்கியிருந்தீர்களே, அப்போது எனக்கு மீசை இருந்தது. வலது பக்கம் விழுந்துபோன மனிதரை எப்படித் தூக்குகிறாய், எப்படிக் குளிப்பாட்டுகிறாய் என்று சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்து கேட்டீர்கள். இலங்கையில் பதுளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தது, கப்பலேற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டது, முகாமில் கிடந்தது, கடைசியில் இந்தக் குளிரில் வந்து வேலைக்குச் சேர்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி ஊட்டும்போது அய்யா விரலைக் கடிப்பார் என்று தழும்பைக்கூடக் காட்டினேன். படத்தில் லீமா என்று ஒரு பெண் அதே கப்பலில் வந்து இறங்குகிறாள், தலை நிறையப் பூவோடு. அவள் கஞ்சி ஊட்டினால் பெரியவர் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அவரைத் தூக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை, பாட்டு வருகிறது. ஒரு துணி துவைக்கவில்லை சார் அவள். படுக்கையில் கிடப்பவரின் துணி எப்படி இருக்கும் என்று நான் விவரமாகத்தான் சொன்னேன். நீங்கள்தான் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

படம் இங்கே கொட்டகைக்கு வந்ததும் அய்யாவின் மகன் ஜெபதுரை சார் குடும்பத்தோடு எங்களையும் கூட்டிப்போனார். பால்கனிப் படியில் அய்யாவை முதுகில் சுமந்து ஏறியது நான். திரையில் ஒருவர் வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து அய்யா கேட்டார்.

"எவன்லே அவன், எச்சி வடிக்கிறவன்?"

"நீங்கதான் அய்யா."

"அப்ப அந்தக் குட்டி?"

"அது நான்."

என்னை ஒரு தரம் பார்த்தார், திரையை ஒரு தரம் பார்த்தார். "நீ அந்த லட்சணத்துல இருந்தா நான் எதுக்குலே கடிக்கப் போறேன்" என்றார். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில் என் பெயர் லீமா. மருந்துக் கடையில் லீமா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்காரப் பிள்ளைகள்கூட லீமா.

அதையும் பொறுத்துக்கொள்வேன் சார். இடைவேளைக்குப் பிறகு அவள் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, "அய்யா எழுந்து நடக்கிற வரைக்கும் என் கழுத்தில் தாலி ஏறாது" என்று நேர்ச்சை செய்கிறாளே, அதை யாரைக் கேட்டு எழுதினீர்கள்? எனக்கும் பள்ளங்கியிலுள்ள அமலிக்கும் கல்யாணம் பேசி, மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் என்னை உள்ளே கூப்பிட்டார். அவரும் படம் பார்த்திருக்கிறார்.

"உபகாரம், நேர்ச்சைன்னா வெளையாட்டு இல்லப்பா. கடவுள்கிட்டச் சொன்ன வார்த்தை."

"நான் சொல்லலை சாமி. அந்த நடிகை சொன்னாக."

"கதை ஒன்னோடதுன்னு ஜெபதுரை சொல்றாரே."

"கதை என்னோடதுதான் சாமி. நேர்ச்சை டைரக்டரோடது."

"அப்ப அதை அவரே எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் ஓலை நிக்கட்டும்."

ஜெபதுரை சாருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். கல்யாணமானால் நான் பங்களாவில் ராத்தங்க மாட்டேன். அவ்வளவுதான். படம் முடிந்து வெளியே வரும்போது அவர் என் தோளில் கை போட்டு, "நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி உபகாரம்" என்று கண் கலங்கினார். வீட்டுப் பிள்ளையான அவர் மாடியில் கணப்படுப்புக்குப் பக்கத்தில் தூங்குகிறார். வீட்டுப் பிள்ளை மாதிரியான நான் அய்யாவின் கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்குகிறேன். எல்லா வித்தியாசமும் அந்த 'மாதிரி'யில் இருக்கிறது சார், உங்கள் படத்தில் அது இல்லை.

அய்யாவிடமே போய் நின்றேன். "நான் நடந்தா ஒனக்குக் கல்யாணம், அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நான் எந்திரிக்கவே மாட்டேன், போலே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவரால் தானாகத் திரும்ப முடியாது. நான்தான் திருப்பிவிட்டேன்.

தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அமலியின் அப்பா ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க மாட்டேன், வேறு இடம் பார்க்கிறேன் என்கிறார். அமலி பீன்ஸ் மூட்டை ஏற்ற வந்த லாரியிலேயே ஏறி இங்கு வந்து, வாசலில் நின்று பேசிவிட்டுப் போனாள். "ஒண்ணு அந்தக் கெழவரை நடக்க வை, இல்ல அந்த டைரக்டரை எழுத வை. ரெண்டும் முடியாதுன்னா பூ வச்சுக்கிட்டு அந்த லீமாவாவே இரு, நான் போறேன்" என்றாள். ஆகவே, இந்த நேர்ச்சை உபகாரம் செய்தது அல்ல, என் கற்பனை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டு, எங்கள் பங்குச் சாமியாருக்கு வெரசாக அனுப்ப வேண்டும்.

தங்கள் கையும் காலும் சாகிற வரைக்கும் தங்கள் சொல்லைக் கேட்கட்டும், இன்னொருவன் வந்து தூக்கும்படி ஆகாமல் மாதா காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கதாநாயகி,
உபகாரம்

பின்குறிப்பு: மேலே எழுதியபடி தயவுசெய்து எதுவும் செய்துவிடாதீர்கள். பங்களாவைவிட்டு வெளியே போக நேரமில்லாமல் கடிதம் தபாலில் சேராமலே கிடந்தது. இன்று மாதத்தின் முதல் வெள்ளி. நோயாளிகளுக்கு வீட்டிலேயே நன்மை அப்பம் கொடுக்கச் சாமியார் வந்தார், பின்னாலேயே அமலியும் வந்தாள். நன்மை கொடுத்து முடிந்ததும் அவள் அய்யாவின் கட்டிலருகே போய், "நீங்க எந்திரிக்கலைன்னா பரவாயில்லைங்க தாத்தா. நானும் இங்கயே குடிவந்துர்றேன். கஞ்சி ஊட்டுறேன். படத்துல மாதிரிப் பாட்டும் பாடுவேன்" என்று சொல்லி, நிஜமாகவே பாட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பாட்டு வராது. அய்யா இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டார். "வெளிய போடி" என்று கத்திக்கொண்டே வலது காலை இழுத்து இழுத்துக் கதவு வரைக்கும் அவளை விரட்டினார். அங்கேதான் விழுந்தார், என் மேல்.

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு, "இதை நடைன்னே எடுத்துக்கலாம்" என்றார். நாளை மறுநாள் மூன்றாவது ஓலை. இப்போது போய் நேர்ச்சையே இல்லை என்று நீங்கள் எழுதினால் அவர் மறுபடி முதலிலிருந்து யோசிப்பார், எழுத வேண்டாம்.

ஆனால் மத்தியானம் ஜெபதுரை சார் என்னைக் கூப்பிட்டார். "அப்பாதான் நடந்துட்டாரே. இனி எதுக்கு ஆளு? மாசக் கடைசியோட நின்னுக்க" என்றார். தோளில் கை போடவில்லை. அமலியின் அப்பா சாயங்காலமே ஆள்விட்டுக் கேட்டிருக்கிறார், மாப்பிள்ளைக்கு இனி என்ன சோலி என்று.

உங்கள் படத்தில் பெரியவர் எழுந்து நடந்ததும் திரையில் 'வணக்கம்' போட்டு விளக்கைப் போட்டுவிட்டீர்கள். மறுநாள் காலையில் லீமா எங்கே போனாள் சார், யார் வீட்டில் என்ன வேலை செய்தாள்? அதை எழுதி அனுப்புங்கள்.