என் கணவரைப் படுக்க வைத்த கவரிங் லெட்டர்

ஆபீஸ் இல்லாத இரண்டாம் சனிக்கிழமை, மாலை நாலு பத்துக்கு வீட்டு ஃபோன் அடித்தது. அதுவரை நான் நல்ல அம்மாவாகத்தான் இருந்தேன்.

“அம்மா, அந்தக் கவரிங் லெட்டர்ல அப்பாவைப் பத்தி என்ன எழுதி வெச்ச?” என்றாள் மகள் கவிதா. தொண்ணூறுகளின் கடைசி. வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அன்று அவளுக்கு முதல் இன்டர்வியூ.

அப்போது நான் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டென்டென்ட். இடமாற்றம் கேட்டு மனு எழுத வேண்டுமென்றால் மற்ற மாடிகளில் வேலை செய்கிறவர்களும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். வீட்டில் ஒரு நோயாளி இல்லாத மனு மேலிடத்தில் நகராது என்பது என் அனுபவம். (எத்தனை பேருடைய மாமியாருக்கு ஆஸ்துமா கொடுத்திருக்கிறேன், தெரியுமா?) விண்ணப்பத்தோடு வைக்கக் கவிதா எழுதிய கடிதத்தில் படிப்பும் ப்ராஜெக்டும்தான் இருந்தன, இரக்கம் வருகிற மாதிரி ஒரு வரிகூட இல்லை. நானே மாற்றி எழுதினேன். படுத்த படுக்கையாகிவிட்ட தந்தைக்கு இவள் ஒருத்தியே ஆதரவு, கருணையுடன் பரிசீலிக்கவும் என்று முடித்தேன். தபால் எடுக்கிற நேரமாயிற்று என்று அவசரப்படுத்தி, படிக்க விடாமல் கையெழுத்தும் வாங்கினேன்.

“டெஸ்ட், இன்டர்வியூ ரெண்டும் நல்லா போச்சு. ஆனா ஆளெடுக்கிற பர்சனெல் ஆபீசர் வீடு நம்ம பக்கம்தானாம். அப்பாவைப் பார்த்துட்டுப் போறேன்னு என்னையும் கார்ல கூட்டிட்டு வர்றார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப ஆப்பிள் வாங்கறார், நான் ஃபோன் பூத்துலேர்ந்து பேசறேன். பொய்னு தெரிஞ்சா வேலை போச்சும்மா.”

படுத்த படுக்கை அந்நேரம் எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று டிவி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தது.

“என்னங்க, கொஞ்சம் கீழ வந்து படுங்க.”

“எதுக்கு?”

சொன்னேன்.

“எழுதினவ நீ. நீயே படுத்துக்கோ. மேட்ச் முடியறதுக்குள்ள நான் படத்தை வரவைக்கணும்.”

முன்னறைக் கட்டிலில் கம்பளி விரித்தேன். தலைமாட்டில் மாத்திரைகளை அடுக்கினேன். தைலத்தைத் திறந்து அறை முழுக்க வாசனை பரப்பினேன். நோயாளி மட்டும்தான் பாக்கி.

(இன்றும் வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் நான் முதலில் மொட்டை மாடியைத்தான் பார்ப்பேன். பேரன்கூட வேலைக்கு விண்ணப்பம் அனுப்புமுன், “பாட்டி, தாத்தா படுக்கணுமா, நடமாடலாமா?” என்று கேட்கிறான்.)

கார் வந்தது. ஆப்பிள் பையோடு இறங்கியவரை மேலிருந்து பார்த்த என் கணவர், “சார், கொஞ்சம் உள்ள போய் டிவியில படம் வருதான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். கவிதா தரையைப் பார்த்தாள். நான் அழத் தயாரானேன்.

ஆபீசர் நிஜமாகவே உள்ளே போனார். டிவியைப் பார்த்தார்; கம்பளி விரித்த காலிக் கட்டிலையும் பார்த்தார். வெளியே வந்து, “வருது சார்” என்று மேலே குரல் கொடுத்தார். பிறகு கன்னடம் கலந்த தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“பரவாகில்லா அம்மா. பொண்ணுக்கு வேலை டெஸ்ட் மார்க்குக்குத்தான், லெட்டருக்கு இல்ல. முதல்ல சாரை இறங்கச் சொல்லுங்க. விழுந்து நெஜமாவே படுத்துடப் போறாரு.”