அப்பாவின் பை பஸ்ஸில் போகிறது

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி கைகூப்பி எழுதுவது. அங்கே நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் தம்பி பெண்டாட்டி சௌக்கியம். அவளுடைய சௌக்கியத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நான்தான் ஆடிப்போயிருக்கிறேன். அப்பாவின் தோல்பை சௌக்கியமா இல்லையா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

அப்பா மாட்டு டாக்டராக வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்தப் பழுப்பு நிறப் பையை, அவர் காலமான பிறகு நீங்கள்தான் என் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்றீர்கள். பத்திரம் என்ற சொல்லுக்கு என்னைவிட அர்த்தம் தெரிந்தவன் நம் குடும்பத்தில் உண்டா? வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை வங்கியில் லாக்கர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். பையை ஒரு துண்டில் சுற்றினேன். துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாயைக் காற்றுகூடப் போகாதபடி டேப் போட்டு ஒட்டினேன். உள்ளே கைநிறைய அந்துருண்டை. பிறகு பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, அந்தச் சாவியை மேசை இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையையும் பூட்டினேன். அதோடு சரி. அதற்கப்புறம் அதைத் திறந்தே பார்த்ததில்லை. திறக்காமல் இருப்பதுதானே பத்திரம். அப்பாவும் அப்படித்தானே, பையைத் தொட்டால் கை இருக்காது என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்.

போன மாதம் பீரோவுக்குப் பின்னால் சுவர் ஈரம் கசிகிறது என்று அவள் சொன்னதால் எல்லாவற்றையும் இறக்கவேண்டி வந்தது. அப்போதுதான் உறையைப் பிரித்தேன். அக்கா, எப்படிச் சொல்வேன். அப்பாவின் பை மேல் தாடி முளைத்திருந்தது. வெள்ளையும் பச்சையுமாக, பூஞ்சைத் தாடி. கைப்பிடி காய்ந்த சுள்ளி மாதிரி விறைத்துப்போய், மடிப்பெல்லாம் வறண்ட குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. வாயைத் திறக்கப் பார்த்தேன், அது பல்லைக் கடித்துக்கொண்ட நோயாளி மாதிரி திறக்கமாட்டேன் என்றது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து அவள் ஓடிவந்தாள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். நான் பையைக் காட்டினேன். என் கையை விட்டுவிட்டுப் பையைப் பிடித்தாள். அன்றைக்கு விட்ட என் கையை இன்னும் திரும்பப் பிடிக்கவில்லை.

அவள் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததல்ல. தோள் இறுகிப்போனவர், முழங்கால் மடங்காதவர், இடுப்பு பிடித்துக்கொண்டவர் எல்லாரையும் அமுக்கி, நீவி, மடக்கி, அழவைத்து நடக்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட். ஊரில் இருக்கிற மூட்டுகளெல்லாம் அவளுக்குப் பயப்படும். அவள் பையின் கைப்பிடியை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "செத்துப் போகலைங்க. படுத்த படுக்கையா வச்சிருந்திருக்கீங்க, அவ்வளவுதான்" என்றாள். நான் அப்பாவின் பையைப் பாதுகாத்தவன். என்னை ஒரு நொடியில் குற்றவாளி ஆக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து பை அவளுடைய நோயாளி. முதலில் வாசலில் நிழலில் வைத்து, பூஞ்சையைக் காய்ந்த துணியால் துடைத்தெடுத்தாள். பிறகு லேசாகச் சோப்பு தொட்ட ஈரத்துணி. அது உலர்ந்ததும் தோலுக்குப் போடுகிற மெழுகுக் களிம்பை விரல் நுனியில் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டு, ஊறட்டும் என்று வைத்துவிட்டாள். எங்கே வைத்தாள் தெரியுமா? வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் படுக்கவைக்கிற கட்டிலில். பக்கத்துக் கட்டிலில் மாடிவீட்டுத் தையல்காரர் தோள்பட்டை வலிக்குப் படுத்திருந்தார். இந்தக் கட்டிலில் அப்பாவின் பை, தலைமாட்டில் ஒரு துண்டோடு. தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இவங்களுக்கு எங்கே வலி என்று கேட்டார். நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆனால் மறுநாள் பார்த்தால், உள்ளதைச் சொல்லவேண்டும், கைப்பிடி கொஞ்சம் வளைந்தது. வெளிறிய இடத்தில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. விரல் நுனியளவு களிம்புக்கே இவ்வளவு குணம் என்றால், தாராளமாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அவள் ஒரு முழங்காலைப் பார்க்க வெளியே போயிருந்த நேரத்தில், சமையலறையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து பையின் தலையிலேயே கவிழ்த்தேன். பை குடித்தது. இன்னும் ஊற்றினேன், இன்னும் குடித்தது. பிறகு குடித்ததையெல்லாம் கக்க ஆரம்பித்தது. கட்டில், துண்டு, தரை, என் வேட்டி, எல்லாம் எண்ணெய். காயட்டும் என்று வாசலில் வைத்துவிட்டுத் தரையைத் துடைக்க உள்ளே வந்தேன்.

தையல்காரர் ஒரு நாய் வளர்க்கிறார். அதற்கு மேனேஜர் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. மேனேஜர் என்று யாராவது கூப்பிட்டாலே எழுந்து நின்று பழகிய உடம்பு எனக்கு, இன்றும் அது குரைத்தால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்கிறேன். எண்ணெய் வாசனை அதற்கு மாடிவரை போயிருக்கிறது. நான் வாசலுக்குத் திரும்பியபோது மேனேஜர் பையின் கைப்பிடியை வாயில் கவ்விக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்தது. அக்கா, அப்பா அந்தப் பையோடு தெருமுனையில் திரும்பினாலே நாய்களெல்லாம் இருக்கிற இடம் தெரியாமல் ஓடும். இப்போது அதே பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாய் ஓடுகிறது. நான் வழுக்கும் வேட்டியோடு பின்னால் ஓடுகிறேன். பழக்கதோஷத்தில், "மேனேஜர், தயவுபண்ணிக் குடுத்துருங்க" என்று மரியாதையாகக் கெஞ்சிக்கொண்டே ஓடியிருக்கிறேன். முடிதிருத்தும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவர்கூட எழுந்து வந்து பார்த்தார். கடைசியில் மேனேஜருக்கே சலித்துப்போய் பையைத் தண்ணீர்க் குழாயடியில் போட்டுவிட்டுப் போனது. பையின் ஓரத்தில் இரண்டு பல் பதிந்திருந்தது. அப்பாவே கடிபட்டதுபோல அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் வந்ததும் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. முகத்துக்குப் பூசுகிற பவுடர் டப்பாவை எடுத்துவந்து பை முழுக்கக் கொட்டினாள். எண்ணெயை அது உறிஞ்சிவிடுமாம். வாழ்நாளில் முகத்துக்குப் பவுடர் தொடாத மனிதரின் பை, வெள்ளை வெளேரென்று கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. பல் பதிந்த இடத்தைத் தேய்த்து மறைத்துவிடேன் என்று கெஞ்சினேன். அவள் பையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஏற்கெனவே வரிசையாகப் பல் தடம். பழசு, வழவழவென்று தேய்ந்துபோனது. "இது எந்த மேனேஜர் கடிச்சது?" என்று கேட்டாள். அப்பாவை ஏதோ ஒரு நாய் எதிர்த்துக் கடிக்க வந்திருக்கிறது, அவர் பையை முன்னால் நீட்டித் தப்பித்திருக்கிறார். அந்தச் செய்தி என் பீரோவுக்குள் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது.

இதுவரை எழுதியதெல்லாம் சின்ன அதிர்ச்சி. பெரியது இனிமேல்தான். பை தேறியதும் நான் புதுத் துண்டோடு பீரோவைத் திறந்தேன். அவள் பையைக் கொடுக்கவில்லை. தோல் என்பது நடமாடிக்கொண்டே இருக்கவேண்டுமாம், கை பட்டு, காற்று பட்டு, மடங்கி விரிந்தால்தான் உயிரோடு இருக்குமாம், மறுபடி படுக்கப்போட்டால் மறுபடி இறுகிவிடுமாம். மறுநாள் காலை நோயாளி வீடுகளுக்குக் கிளம்பியபோது அவள் தோளில் வழக்கமான துணிப்பை இல்லை. அப்பாவின் பைக்குள் துண்டும், பயிற்சிக்கான ரப்பர் பட்டையும், தைலப் பாட்டிலும், அதற்கு மேலே, அக்கா, அவளுடைய சாப்பாட்டு டப்பாவும். அப்பாவின் பைக்குள் சாப்பாட்டு டப்பாவா என்று வாசலை மறித்துக் கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்கப்பா இதுல என்ன வச்சிருந்தாரு? மாட்டுக்குப் பிரசவம் பாத்த கையுறை. அதைவிடவா என் டப்பா அசிங்கம்?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

நானும் எத்தனை நாள்தான் வீட்டில் உட்கார்ந்து பையை நினைத்துக் கவலைப்படுவது? ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். நினைத்ததுபோலவே பையைத் தரையில் வைத்திருந்தாள். ஜனங்களின் கால்களுக்கு நடுவே. ஒருவருடைய ஈரக் குடை அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பொறுக்கமுடியாமல் குனிந்து, நாலைந்து கால்களுக்கிடையே கையை விட்டுப் பையை இழுத்தேன். அடுத்த கணம் கண்டக்டரின் கை என் சட்டைக் காலரில் இருந்தது. பெரிய மனுஷன் மாதிரி இருந்துகொண்டு பெண்பிள்ளை பையைத் திருடுகிறான் பார் என்று பஸ்ஸே திரும்பியது. அவளும் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேன். தெரிஞ்சவர்னு உறுதியா சொல்ல முடியலை. விட்டுருங்க பாவம்" என்றாள்.

இறங்கினோம். பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். நோயாளியின் வீடு தெருவின் அந்தக் கோடியில். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பீரோவுக்குத் தூக்கி வைத்திருக்கிறேன், குழாயடியிலிருந்து ஏந்தி வந்திருக்கிறேன், ஆனால் அப்பாவின் பையைக் கைப்பிடியில் பிடித்துக்கொண்டு நான் நடந்ததே இல்லை. வலது கையில் பிடித்தால் என்னவோ இடித்தது. இடது கைக்கு மாற்றினேன். கைப்பிடியின் அடியில் விரல்கள் தேய்த்த பள்ளம் இருக்கிறது, அதில் என் விரல்கள் போய் உட்கார்ந்தன. பையின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் என் தொடையில் உரசிக்கொண்டே வந்தது. அப்பா இடது கையில்தான் பையைத் தூக்குவாரா அக்கா? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அவரைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்ட எனக்கு, எந்தக் கை என்று தெரியவில்லை. பை சொல்லித்தான் தெரிந்தது. அவர் பக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. நோயாளி வீட்டு நடையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் நோயாளியின் முழங்காலை மடக்கி முடிக்கும்வரை அதைத் தடவிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதவே பயமாக இருக்கிறது. எனக்குக் கிடைத்த அதிர்ச்சியிலேயே பெரிய அதிர்ச்சி அதுதான்.

ஆகவே அக்கா, நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒருத்தி கெட்டது போதாதென்று நானும் கெட்டுப்போவதற்குள், நீங்கள் உடனே புறப்பட்டு வந்து பையை உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள், உங்களிடம் அவளுக்குத் தனி மரியாதை. பூட்டு நானே வாங்கி வைக்கிறேன்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி எப்போதும் உண்டு என்று சொல்லுங்கள். உங்கள் இரத்த அழுத்தம் இதைப் படித்து ஏறாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
தம்பி

பி.கு.: இதை உறையில் போடும்போது அவள் வாங்கிப் படித்துவிட்டாள். முழுக்கப் படித்துவிட்டு, "யாருக்குப் புகார் எழுதறீங்க? பையை வெளியே எடு, உள்ளேயே வச்சு அவன் கொன்னுடுவான்னு சொன்னதே உங்க அக்காதான்" என்றாள். சுவர் கசிந்த அன்றைக்குக் காலையிலேயே நீங்கள் இருவரும் போனில் பேசி முடித்துவிட்டீர்களாம். அக்கா, நீங்களா? அது மட்டுமில்லை. உங்களிடம் இருக்கிற அப்பாவின் பெல்ட்டை, நாம் சத்தம் கேட்டாலே மேசைக்கடியில் ஒளிந்துகொள்வோமே அந்த பெல்ட்டை, நீங்கள் குட்டையாக வெட்டி உங்கள் நாய்க்குக் கழுத்துப்பட்டையாகக் கட்டியிருக்கிறீர்களாமே. தினமும் கட்டிக் கட்டி வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டதாமே. உட்கார்ந்துவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகப் பாவியுங்கள், நீங்கள் வரவேண்டாம், பையைத் தரமாட்டேன். நான்தான் அங்கே வருகிறேன், அடுத்த வாரம், பையோடு. அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஜீவன் வாலாட்டுவதை என் கண்ணால் பார்க்கவேண்டும்.