வேலாயி மண்ணுக்கு ஒன்பது புள்ளி

கந்தப்பளை,
மேல்பிரிவு லயம்.

அன்பு மருமகள் சுலக்ஷனாவுக்கு மாமா செல்லசாமி எழுதிக்கொள்வது.

முருகன் புண்ணியத்தில் நீ கம்பஸில் சுகமாக இருப்பாய். உன் அத்தை அம்மாக்கண்ணுவும் சுகம். நான் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளத்துக்கு அழ முடியாது என்பதால் கடிதம்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது ஆறு கண்ணாடிச் சீசா, ஒரு போத்தல் மஞ்சள் தண்ணீர், ஊதா லைட்டு ஒன்று, ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்ட நீல அட்டை ஒன்று, எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். "தேயிலைக் கழிவுல இருந்து காய்ச்சி எடுத்தது மாமா, இதுல கண்ணுக்குத் தெரியாத குவாண்டம் புள்ளி இருக்கு, வாரம் ஒருக்கா மண்ணைக் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியில நாலு சொட்டு விட்டு லைட்டை அடிங்க, நீலமா வெளிச்சம் வரும், மண்ணு புளிச்சிருந்தா மங்கும், புளிப்பு இல்லாட்டி கூடும், அட்டையில எந்த நீலத்தோட ஒத்துப்போகுதோ அந்த நம்பரை எழுதுங்க, நம்பர் குறைஞ்சா புளிப்பு கூட, அவ்வளவுதான்" என்றாய். அவ்வளவுதான் என்று ஆரம்பித்த எந்தக் காரியமும் என் ஆயுளில் அவ்வளவோடு நின்றதில்லை. நாற்பது வருசம் பெக்டரியில் நான் கூட்டித் தள்ளிய கழிவு, பென்சன் எடுத்த பிறகு போத்தலில் ஏறி என்னைத் தேடி வந்திருக்கிறது. உன் லைட்டு மூன்றாம் வாரமே செத்தது. கடைக்கார இஸ்ஸதீன் நானா கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் லைட்டை இரவல் வாங்கினேன்.

கெட்டது எல்லாம் ஒரே ஒரு சொல்லால்தான். பக்கத்துக் காம்பரா வேலாயி வந்து, "என்னாண்ணே பண்றீங்க?" என்றாள். "புள்ளி பாக்குறேன்" என்றேன். நம்ம பக்கம் புள்ளி என்றால் பரீட்சையில் வாங்குவதுதானே? "நம்ம மண்ணுக்கு எத்தன புள்ளிண்ணே?" என்று தன் கோவாத் தோட்டத்தில் இருந்து ஒரு பிடி கொண்டுவந்தாள். அட்டையில் பார்த்தால் ஒன்பது, சொன்னேன். பத்துக்கு ஒன்பது என்று லயம் முழுக்கப் பால்டொபி கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் பதினொரு குடும்பம் பையில் மண்ணோடு வாசலில் நிற்கிறது, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குக்கூட அப்படி நேரத்துக்கு வந்ததில்லை. இது பரீட்சைப் புள்ளி இல்லை, புளிப்புக் கணக்கு என்று தொண்டை கிழியச் சொன்னேன், யார் கேட்டது? எல்லாருக்கும் எட்டு, ஒன்பது. பாஸான மண்ணுக்கு எதுக்குப் புளிப்பை முறிக்கிற சுண்ணாம்பு என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் நிறுத்திவிட்டார்கள். நானும்தான்.

அத்தையின் தம்பி சின்னராசா மட்டும், ஊரான் மண்ணோடு தன் மண் கலந்துவிடக் கூடாது என்று வீட்டிலேயே கரைத்து இருமல் மருந்துச் சீசாவில் கொண்டுவந்தான். அதிலேயே சொட்டு விட்டேன். நாலு. "ஊருக்கெல்லாம் ஒம்பது, எனக்கு மட்டும் நாலா? அக்காவக் குடுத்த எடத்துல இந்த ஓரவஞ்சனையா மச்சான்?" என்று தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனவன் இரண்டு மாதமாகப் பேச்சில்லை. பெயிலான பிள்ளைக்கு டியூசன் போடுகிற மாதிரி ரோசத்தில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு போட்டான்.

இப்போது லயம் பூராவும் கோவாச் செடி வாடிக் கிடக்கிறது. பிடுங்கினால் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. விவசாயப் போதனாசிரியர் வந்து, "மண் புளிச்சிப் போச்சு, சுண்ணாம்பு போடல்லையா?" என்றார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னராசாவின் கோவா மட்டும் குண்டு குண்டாக நிற்கிறது, அவனும் தினம் பொழுதுசாய இடுப்பில் கைவைத்து அதன் பக்கத்தில் நிற்கிறான், எனக்குத் தெரிகிற மாதிரி. அதைக்கூடப் பொறுப்பேன். வேலாயி ஒரு வார்த்தை திட்டவில்லையம்மா. "ஒம்பது வாங்குன மண்ணுண்ணே" என்று அழுதாள். எல்லாரும் கூடும் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போகவே எனக்கு முகமில்லை.

ஆகவே உன் புள்ளி பொய் சொல்கிறது என்று உன் ஆராய்ச்சியில் கட்டாயம் எழுது. பன்னிரண்டு வாரத்துக் கணக்கையும் சீசாக்களையும் இத்துடன் அனுப்புகிறேன். வாராவாரம் உன் அத்தை பளிச்சென்று கழுவி வைத்த சீசாக்கள், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு அலுத்துவிட்டது.

நீ பெரிய பட்டம் வாங்கி, மண்ணைத் தவிர வேறு எதையாவது ஆராய்ந்து, பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன மாமா,
செல்லசாமி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது இஸ்ஸதீன் நானா தன் லைட்டைத் திரும்ப வாங்க வந்தார். எரிகிறதா என்று தன் வெள்ளைச் சட்டையில் அடித்துப் பார்த்தார். நீலமாக ஜொலித்தது. "இதென்ன செல்லசாமி, என்ட சேட்டுக்கும் ஒம்பதா? சோப்புத்தூள் போட்டுக் கழுவினதுதானே!" என்றார். அத்தையின் சோப்புத்தூள் டப்பாவில் அடித்தேன், ஜொலித்தது. கழுவிய வெறும் சீசாவில் அடித்தேன், அதுவும். "பைப்புல தண்ணி எங்க ஒழுங்கா வருது, சோப்புத் தண்ணியில கழுவி அலசாம வச்சேன், அது ஒரு குத்தமா?" என்கிறாள் அத்தை. பன்னிரண்டு வாரமாக நான் சோப்புத்தூளுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. உன் புள்ளி பொய் சொல்லவில்லை. கணக்கில் சின்னராசாவின் நாலை மட்டும் வைத்துக்கொள், அது அவன் சொந்தச் சீசா.

நானாவை லைட்டோடு நிறுத்திவைத்து, சீசாவை மூன்று தடவை அலசி வேலாயி மண்ணை மறுபடி பார்த்தேன். நாலு. அவளிடமே போய்ச் சொன்னேன். "நாலுன்னா எத்தன மூட்ட சுண்ணாம்பு போடணும்ண்ணே?" என்றாள். பன்னிரண்டு வாரத்தில் சரியான கேள்வி கேட்டவள் அவள்தான். சீசாவை அனுப்பவில்லை, நாளையிலிருந்து முதல் வாரம். சின்னராசாவிடம் இரண்டு மூட்டை மிச்சம் இருக்கிறதாம், கேட்கப் போகிறேன். அவன் எனக்கு எத்தனை புள்ளி போடுவானோ தெரியவில்லை.