மாப்பிள்ளை ஜெயித்த பின்னந்தொடை

பாசமுள்ள தங்கை ஓப்பலுக்கு அண்ணன் ஹோபர்ட் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மோஸெல்லும் சுகம். அங்கே டேட்டனில் நீயும், உன் மகளும், புதிதாக வந்த பேரக் குட்டிப் பயலும் சுகமென்று நம்புகிறேன். குழந்தைக்கு என் மூக்கு என்று எழுதியிருந்தாய். கேட்க ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் இந்த வாரம் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான். இது உன் வீட்டுக்காரர் வெர்லன் மேல் புகார்க் கடிதம் அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சனிக்கிழமை மாட்டுக்கறிக்காகத் துப்பாக்கி சுடும் பந்தயம் நடந்தது. நாலு வருஷமாகப் பின்னந்தொடை நம் வீட்டுக்குத்தான் வருகிறது என்பது உனக்கே தெரியும். அந்த நம்பிக்கையில் மோஸெல் சபை விருந்துக்குத் தொடைக்கறி வறுவல் தன் பொறுப்பு என்று எல்லாப் பெண்களிடமும் சொல்லி வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வெர்லனோ போன வசந்தத்தில்தான் துப்பாக்கிக் குழல் வாயில் முதலில் மருந்து போடுவதா குண்டு போடுவதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் என் வீட்டம்மாள், "வெர்லன் தம்பி, வாங்க, உங்களுக்குன்னு ஆப்பிள் பை எடுத்து வச்சிருக்கேன்" என்கிறாள். காலையில் நான் கேட்டபோது அந்தப் பலகாரம் தீர்ந்துவிட்டது என்றவள் இவள்தான்.

அன்றைக்கு அடித்த காற்று மனுஷக் காற்றே இல்லை. குண்டைச் சுற்றிக் குழலில் இறக்க நான் ராத்திரியெல்லாம் கொழுப்புத் தடவி வெட்டி வைத்திருந்த துணி வட்டங்களை, டப்பாவைத் திறந்த உடனே அள்ளிக்கொண்டு போனது. பாதி ஓடைக்குப் போயிற்று, மீதி சபைப் பெண்களின் பீன்ஸ் சட்டிக்குள் போயிற்று. வெர்லன் ஓடி வந்து, "மச்சான், என்கிட்ட நெறைய இருக்கு, எடுத்துக்கங்க" என்றார். அவர் துணியில் சுடுவதைவிட என் தோலை உரித்துச் சுடுவேன். சட்டை வாலை இழுத்து ஒரு துண்டு வெட்டினேன். கல்யாண நாளுக்கு மோஸெல் வாங்கித் தந்த வரிவரியான கார்டுராய்ச் சட்டை என்பது வெட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. "ஏங்க, வெர்லன் தம்பி சட்டையக் கிழிச்சுக்கிட்டா சுடறாரு?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள்.

அதோடு விட்டதா? வெர்லன் எவ்வளவு மருந்து போடுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே துப்பாக்கியைக் கெட்டித்ததில் நான் மருந்தே போடாமல் குண்டை அடிவரை இறக்கிவிட்டேன். பந்தயத்துக்கு முன் சுட்டுப் பார்க்க விசையை இழுத்தால் டொக் என்றது, அவ்வளவுதான். நடுவர் ரூஃபஸ் சிரிக்காமல் கேட்டான்: "என்ன ஹோபர்ட், மருந்தும் காத்துல போயிடுச்சா?" கம்பியில் திருகாணி மாட்டிக் குண்டை உருவித் தந்ததும் மாப்பிள்ளைதான். "எல்லாருக்கும் வர்றதுதான் மச்சான்" என்று தட்டிக் கொடுத்தார். உதை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. புதுக் குண்டுக்காகச் சட்டையில் இன்னொரு துண்டு போயிற்று.

பிறகு எல்லோரும் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு குண்டு சுட்டோம். அவரவர் பலகை, அதில் கத்தியால் கீறிய சிலுவை, அதற்குக் கிட்டத்தில் ஓட்டை போட்டவனுக்கு முதல் தொடை. என் பலகைக்கு இடப்பக்கம் வெர்லனின் பலகை. காற்று இடமிருந்து வலமாக வீசியது. காற்றின் போக்கு தெரியக் கம்பத்தில் கட்டியிருந்த நாடாக்களை நான் பார்த்து, கணக்குப் போட்டு, என் பலகையை விட்டு நன்றாக இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்து விசையை இழுத்த அதே நொடியில் நாடாக்கள் எல்லாம் செத்தாற்போல் தொங்கின. வெர்லன் நாடாவைப் பார்க்கவே இல்லை. அவர் தொப்பி கண்ணை மறைத்து இறங்கியிருந்தது. புகை கலைந்ததும் பார்த்தால் அவர் பலகையில் சிலுவை நடுவிலேயே ஓட்டை. என் பலகை கடையில் வாங்கியது போல் இருந்தது. சவப்பெட்டிக் கடைக் கர்ட்டிஸ் இரண்டாவது.

உன் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டாரா? அதுவும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "நான் கண்ண மூடிட்டுல்ல சுட்டேன் மச்சான். இது எனக்கு வேண்டாம், நீங்களே எடுத்துக்கங்க" என்றார். இப்படியும் ஒரு பெருமையடிப்பு உண்டா? வேண்டவே வேண்டாம் என்றேன். "எவ்வளவு பணிவு பாருங்க" என்று மோஸெல் வண்டியில் வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு வயிறு எரிகிறது ஓப்பல், மறைப்பானேன்? விருந்துக்கு என்ன வைப்பது என்று அவள் இப்போது என்னிடம் பேசுவதில்லை. ஆகவே நீ சீக்கிரம் கிளம்பி வந்து அவரை மீன் பிடிக்கவாவது அனுப்பு. துப்பாக்கி அவர் கைக்கு ஆகாது.

தன் பலகையில் ஓட்டையே விழாதவன் பலகைகளுக்குப் பின்னால் அடுக்கிய கட்டைகளில் ஈயக் குண்டுகளைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது நம் பந்தயத்து வழக்கம். நாளைக்கு நான் போகிறேன். குழந்தைக்கு என் முத்தங்கள், மகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக. வெர்லனையும்தான்.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஹோபர்ட்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஈயம் தோண்டிவிட்டு வந்தேன். வெர்லன் பலகைக்குப் பின்னால் கட்டையில் ஒரே ஒரு குண்டு இருந்தது. முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் பின்பக்கம் நன்றாக இருந்தது. அதில் வரிவரியாகக் கார்டுராய்த் துணி பதிந்த தடம். வெர்லனின் குண்டு நாடாக் கம்பத்தின் அடியில் மண்ணுக்குள் கிடைத்தது. இரண்டு நாளாக நான் என் குறியைப் பார்த்தே பொறாமைப்பட்டிருக்கிறேன். வெளியே சொன்னால் அடுத்தவன் பலகையைச் சுட்டவன் என்ற பெயர் எனக்கு, முதல் தொடை கர்ட்டிஸுக்கு. அவன் சிரிப்பை நினைத்துப் பார்த்து, குண்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீயும் மூச்சு விடாதே.

இப்போதுதான் மாப்பிள்ளை தொடையைத் தோளில் சுமந்து வந்து நம் சமையல் மேஜையில் இறக்கினார். மோஸெல் அழாத குறை. அவள் உப்பு எடுக்கத் திரும்பியபோது அவர் என் சட்டை வாலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நல்லா சுடற சட்டை மச்சான். அடுத்த வருஷமும் போட்டுட்டு வாங்க." அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. அவசரப்பட்டு வராதே, பேரனோடு இரு. உனக்கு வாய்த்தவர் நல்ல மனுஷர். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.