அடிப்பாகம் பேசும்

"எந்த மலை சார்?" என்று கேட்டார் ஷூக் கடை விற்பனையாளர்.

கேஷியர் திருதிருவென்று விழித்தார். ஷூ வாங்கப் போனால் கால் அளவைக் கேட்பார்கள், நிறத்தைக் கேட்பார்கள். மலையின் விலாசத்தைக் கேட்பார்கள் என்று யார் கண்டது?

"சாதாரண மலைதான். கொஞ்சம் உயரமா இருக்கும்."

"மலைன்னா உயரமாத்தான் இருக்கும்" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

"அது இல்லம்மா. பாறையா, மண்ணா, சரளைக்கல்லா, ஈரம் இருக்குமான்னு தெரியணும். மலைப்பாதையில ஓடற டிரெயில் ரன்னிங் ஷூவுல எல்லாத்துக்கும் வேற வேற மாடல். சார், நீங்க ஓடப் போறீங்களா, நடக்கப் போறீங்களா?"

"ஓடறதா? பஸ்ஸைப் பிடிக்கவே ஓட மாட்டார். அடுத்த பஸ் வரும்னு தத்துவம் பேசுவார்."

கேஷியர் மனைவியை முறைத்தார். முறைப்பது ஒன்றுதான் அவருக்கு மூச்சு வாங்காமல் செய்ய வரும் உடற்பயிற்சி.

அவர் இந்தக் கடையில் வந்து நின்றதற்குக் கால் காரணமில்லை, நாக்குதான் காரணம். டைல்ஸ் கம்பெனியில் அவர் உட்காரும் இடத்துக்குக் கூண்டு என்று பெயர். முன்னால் கம்பி வலை, பின்னால் கழிப்பறைச் சுவர். அந்தப் பக்கம் யாராவது தண்ணீரை இழுத்துவிட்டால், இழுத்தது யார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் காது அவ்வளவு தேறியிருந்தது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஓய்வு பெற்றதிலிருந்து அவருடைய அறை காலியாகக் கிடந்தது. கதவு வைத்த அறை, ஜன்னல் வைத்த அறை. அந்த அறைக்காகக் கேஷியர் எதையும் செய்யத் தயாராக இருந்தார். உடம்பை அசைப்பதை மட்டும் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் எம்.டி.க்கு மலைப் பைத்தியம். அவர் அறையில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கும். பின்னால் பனி மூடிய சிகரம், முன்னால் மார்பு வரைக்கும் எம்.டி. உடைந்த டைல்ஸ் பற்றிய புகாரானாலும் சரி, லாரி வாடகைத் தகராறானாலும் சரி, பேச்சு எப்படியாவது சறுக்கிச் சறுக்கி அந்தச் சிகரத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

போன கூட்டத்தில் அவர் சொன்னார்: "மலை ஏறத் தெரிஞ்சவனுக்குத்தான் நிர்வாகம் தெரியும். வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் மலைக்குப் போறோம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் யாருன்னு அங்க வெச்சுச் சொல்றேன். இங்க மலை ஏறிப் பழக்கம் யாருக்கு?"

அந்தப் பதவிக்குக் கண் வைத்திருந்த இன்னொருவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். தினமும் காலையில் மைதானத்தில் ஓடுகிறவர். "தரையில ஓடுவேன் சார். மலை ஏறினதில்ல" என்றார். உண்மை பேசும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

கேஷியரின் கை தானாக உயர்ந்தது. "நான் அடிக்கடி போவேன் சார்."

அவர் வாழ்க்கையில் ஏறிய உச்சபட்ச உயரம் வீட்டுப் பரணில் இருந்து பெட்டி எடுக்கப் போட்ட ஸ்டூல். அதையும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

எம்.டி.யின் முகம் மலர்ந்தது. "அப்படியா! என்ன போடுவீங்க? ஹைக்கிங் பூட்ஸா, டிரெயில் ரன்னிங் ஷூவா?"

"ரெண்டும் சார்."

"ஒரு கால்ல ஒண்ணா?"

"இல்ல சார்... டிரெயில் ஷூதான் சார்."

"அப்படிப் போடுங்க! பூட்ஸ் போடறவன் மலையை மிதிக்கிறான். டிரெயில் ஷூ போடறவன் மலையோட பேசறான். ஞாயித்துக்கிழமை அதையே போட்டுட்டு வாங்க, அடிப்பாகத்தைப் பாக்கணும். ஷூவோட அடிப்பாகம் பேசும். அதைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன்."

கார்ச் சாவியோடு கதவருகே நின்றிருந்த எம்.டி.யின் டிரைவருக்கு அப்போது பலமான இருமல் வந்தது. அவர் வெளியே போய்விட்டார்.

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்கள். கேஷியர் உயரம் தெரியாமல் விட்டிருந்தார்.

"பாறைதான் ஜாஸ்தி" என்று கடையில் ஒருவழியாக முடிவுக்கு வந்தார்.

விற்பனையாளருக்கு உற்சாகம் பிறந்தது. "அப்படின்னா அடியில பல்லு ரொம்ப ஆழமா வேண்டாம். ரப்பர் நல்லா கவ்வணும். முன்னால விரலுக்குக் காப்பு இருக்கணும். வாட்டர்ப்ரூஃப் வேணுமா? தண்ணி உள்ள போகாது. ஆனா மேல் வழியா போயிட்டா வெளிய வராது."

"எங்க வீட்டுக்கு வர்ற இவரோட தம்பி மாதிரி" என்றாள் மனைவி.

"முக்கியமா ஒண்ணு சார். இறங்கறப்ப விரல் முன்னால போய் இடிக்கும். அதனால கட்டைவிரலுக்கு முன்னால இடம் விட்டு வாங்கணும். இல்லேன்னா நகம் போயிடும்."

எல்லாம் பொருந்திய ஒரே ஜோடி கிளிப் பச்சையில் இருந்தது, இருட்டில்கூடப் பளபளக்கும் பச்சை.

"தொலைஞ்சு போனா தேடறவங்களுக்கு வசதி சார்."

"தேடுவோம்னு யார் சொன்னது?" என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் கேஷியருக்கு உறைத்தது. அடியில் இருந்த பற்கள் அத்தனையும் அப்போதுதான் முளைத்தவை போல் மினுங்கின. அடிக்கடி மலைக்குப் போகிறவரின் அடிப்பாகமா இது? இது வாயைத் திறந்தால் கடை விலாசத்தைத்தான் சொல்லும்.

ஷூவைப் பழசாக்கும் வேலை அன்றே தொடங்கியது. குடியிருப்பின் மாடிப்படியில் ஏறி இறங்கினார். கிறீச் கிறீச் என்று அது போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

"என்ன சார், எலி ஏதாவது மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார். மலைக்குப் போறேன்."

"இந்தப் படி வழியாவா?"

அதோடு படி முடிந்தது. அடுத்து மொட்டை மாடிக்குப் போய், சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் ஷூவைக் கையில் பிடித்து, பாத்திரம் விளக்குவது போல் தேய்த்தார். இடது ஷூ தேய்வதற்குள் கை தேய்ந்துவிட்டது. ஒன்று பழசு, ஒன்று புதுசு. நொண்டியால் மட்டுமே இப்படித் தேய்க்க முடியும். சரி, சேற்றைப் பூசி இரண்டையும் ஒன்றாக்கலாம் என்று மனைவியின் ரோஜாத் தொட்டியில் இருந்து மண்ணை அள்ளிக் குழைத்து அப்பினார். மனைவி முதல் நாள்தான் அதற்கு உரம் போட்டிருந்தாள். வீடு முழுவதும் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"ஒண்ணு அது வெளிய போகணும், இல்ல நீங்க போகணும்" என்றாள் அவள்.

கேஷியர் ஷூவை வாஷிங் மெஷினில் போட்டார். உள்ளே ஏற்கெனவே வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இருந்ததைக் கவனிக்கவில்லை. மெஷின் நின்றபோது விரிப்புகள் கிளிப் பச்சையாகவும் ஷூ நோயாளி போலவும் வெளியே வந்தன. அடிப்பாகம் ஒரு பக்கம் வாயைப் பிளந்திருந்தது. ஈரத்தைக் காய வைக்க அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். சற்று அதிகமாகவே பக்கத்தில் வைத்துவிட்டார். விரலுக்குக் காப்பாக இருந்த முன்பகுதி உருகி வளைந்து நின்றது. கிளிப் பச்சை போய்விட்டது. பதிலுக்குக் கிளி மூக்கு வந்திருந்தது.

"பழசா ஆயிடுச்சே, இப்பத் திருப்திதானே?" என்றாள் மனைவி.

"பழசாகல. செத்துப்போச்சு."

"பேசாம எம்.டி. கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. ஏற மாட்டேன்னா என்ன, தலையை வாங்கிடுவாரா?"

கேஷியர் ஷூவைக் கீழே வைத்தார். பிறகு குனிந்தபடியே சொன்னார்: "டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பாட்டை வெச்சதும் பின்னால தண்ணியை இழுத்து விடறாங்க. தினமும். எனக்கு ஒரு கதவு வேணும். நான் சாத்தினா சாத்தற கதவு. அவ்வளவுதான்."

மனைவி பச்சை விரிப்பை மடித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். கிண்டல் செய்ய எவ்வளவோ இருந்தும் அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆபீஸ் முனையில செருப்பு தைக்கிறவர் இருக்காரில்ல, அவர்கிட்ட காட்டிப் பாருங்க" என்றாள்.

செருப்பு தைக்கிறவர் ஷூவை வாங்கி, மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"நான் பழசைப் புதுசாக்கறவன் சார். புதுசைப் பழசாக்கற வேலையை நீங்களே நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

"வேற வழி ஏதாவது இருக்கா?"

அவர் மூட்டையைக் கிளறி ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். பழுப்பு நிற டிரெயில் ஷூ. நன்றாக அடிபட்டது. பற்கள் மழுங்கி, வலது குதிகால் சரிந்து, நாக்குப் பகுதியில் நீல நூலால் தையல் போட்டு, பார்த்தாலே ஏழெட்டு மலையை விழுங்கிய களை.

"யாரோடது?"

"யாரோ போன மாசம் குடுத்துட்டுப் போனாங்க. உங்க காலுக்குக் கொஞ்சம் பிடிக்கும்."

கட்டைவிரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று கேஷியர் அழுத்திப் பார்த்தார். இடமே இல்லை. கடைக்காரர் நகத்தைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. நகம் போனால் முளைக்கும், அறை போனால் முளைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் எம்.டி. தொப்பி, இரண்டு கைத்தடி, கழுத்தில் விசில் சகிதம் வந்து இறங்கினார். அவர் காலில் பளிச்சென்று புது ஷூ. "பழசு தேய்ஞ்சு தூளாயிடுச்சு. நேத்துதான் மாத்தினேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். டிரைவர் காரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பரிசோதனை தொடங்கியது. ஒவ்வொருவரும் குதிரைக்கு லாடம் பார்ப்பது போல் காலைத் தூக்கிக் காட்டினார்கள். ஸ்டோர்ஸ் இன்சார்ஜின் ஷூவைப் பார்த்து எம்.டி. உதட்டைப் பிதுக்கினார். "இது மைதானம். தட்டையான வாழ்க்கை."

கேஷியரின் முறை வந்தது. எம்.டி. குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"எல்லாரும் இங்க வாங்க!" என்றார் எம்.டி. "இதைப் பாருங்க. வலது குதிகால் மட்டும் எப்படித் தேய்ஞ்சிருக்கு பாத்தீங்களா? செங்குத்தான சரிவு. இறங்கறப்ப வலது காலையே பிரேக்கா போட்டிருக்கார். சரிதானே கேஷியர்?"

"ஆமா சார். பிரேக்குதான் சார்."

"இந்தத் தையலைப் பாருங்க. வழியில கிழிஞ்சிருக்கு. திரும்பி வரல மனுஷன். நின்ன இடத்துல தைச்சுப் போட்டுக்கிட்டு மேல போயிருக்கார்! இது வருஷக்கணக்கான மலை. கேஷியர்தான் இன்னைக்கு முன்னால போறார். நாம பின்னால."

கேஷியர் முன்னால் போனார். முதல் வளைவில் கட்டைவிரல் முனகியது. இரண்டாவது வளைவில் எல்லா விரல்களும் சேர்ந்துகொண்டன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். எம்.டி. முதல் வளைவிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "தலைவன் கீழ இருந்துதான் எல்லாரையும் கண்காணிக்கணும்" என்று விசிலை ஊதினார்.

ஏறியதுகூடப் பரவாயில்லை. உச்சிக்குப் பாதி தூரத்தில் ஒரு சிறு இறக்கம் வந்தது. இறங்கும்போது என்ன ஆகும் என்று கடைக்காரர் சொன்னாரோ அது அப்படியே ஆனது. கேஷியர் "அம்மா!" என்று அலறிக் காலைத் தூக்கினார். மழுங்கின ஷூ பாறையில் வழுக்க, அடுத்த நொடி உட்கார்ந்த நிலையில் சரசரவென்று சறுக்கி ஒரு முட்புதரில் போய் நின்றார். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்தான் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். மைதானத்தில் ஓடியது அதற்காவது உதவியது.

"அய்யோ, காயம்பட்டவரை விட்டுட்டு நான் எப்படி மேல ஏறுவேன்? நானும் இறங்கறேன்" என்றார் எம்.டி. அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக நிஜமான மகிழ்ச்சி தெரிந்தது.

காருக்குப் பக்கத்தில் கேஷியரை உட்கார வைத்தார்கள்.

"ஷூவைக் கழட்டுங்க கேஷியர்."

"வேண்டாம் சார்" என்றார் கேஷியர். கால் வீங்கி, ஷூ கழல மறுத்தது.

எம்.டி.யின் கண் கலங்கியது. "பாருங்கய்யா! இந்த நிலைமையிலயும் ஷூவைக் கழட்ட மாட்டேங்கறார். திரும்ப ஏறத் துடிக்கிறார். இவர்தான் நம்ம அக்கவுண்ட்ஸ் மேனேஜர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சுமந்து வந்த ஸ்டோர்ஸ் இன்சார்ஜும் மூச்சு வாங்கிக்கொண்டே தட்டினார். மலையாய் வந்தது பனியாய்ப் போயிற்று. கேஷியரின் கண் முன்னால் ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்காத கதவு. தன்னைச் சுமந்து வந்தவரிடம் இருந்து அதைத் திருடிக்கொண்டோமோ என்று ஒரு நினைப்பு உறுத்தியது. விரல் வலி அதைவிட அதிகமாக உறுத்தியதால் அதைத் தள்ளி வைத்தார்.

எம்.டி. இந்த வீரக்கதையை யாருக்கோ போனில் சொல்ல நகர்ந்துபோனார். டிரைவர் மண்டி போட்டு உட்கார்ந்து, கயிற்றைத் தளர்த்தி, ஷூவைப் பக்குவமாக உருவினார்.

"மெதுவாப்பா" என்றார் கேஷியர். பதவி வந்துவிட்டதால் குரலிலும் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. "அது எத்தனை மலையைப் பார்த்த ஷூ தெரியுமா?"

டிரைவர் நாக்குப் பகுதியில் இருந்த நீலத் தையலை விரலால் தடவினார். எம்.டி. தூரத்தில் இருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தத் தையல் நான் போட்டது சார். எம்.டி. சார் இதை வாங்கின அன்னைக்கே காலைக் கடிக்குதுன்னு என்கிட்ட குடுத்துட்டாரு. இதைப் போட்டுத்தான் வருஷக்கணக்கா பிரேக்கை மிதிச்சேன். இந்த ஷூ மலையைப் பாக்கறது இன்னைக்குத்தான் சார் முதல் தடவை... அவரும்தான்."