முண்டம் சாரும் மூன்றாவது அறையும்

நல்ல செய்தியைக் கேட்டதும் முகம் வாடிப்போகிற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் போடிநாயக்கனூரில் முண்டம் சார்தான். மழை கொட்டினால் போடிமெட்டுப் பாதையில் மண் சரியும் என்பார். பெய்யாவிட்டால் ஏலச்செடி காயும் என்பார். அளவாகப் பெய்துவிட்டாலோ இன்னும் பயந்துபோவார். "இப்பிடி அளவாப் பேயுதுன்னா, பின்னால பெருசா என்னமோ வரப்போகுது தாயி" என்று குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். என் மகன் பத்தாம் வகுப்பு தேறிய அன்று அவருக்கு மிட்டாய் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "இனி பதினொண்ணு வேற படிக்கணுமே, பாவம்" என்று பெருமூச்சு விட்டார்.

பத்திரிகைக்கு எழுதுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற ஆறு நாளும் எனக்குச் சோறு போடுவது ஏலக்காய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பெண்கள் உட்கார்ந்து காய் பிரிப்பார்கள். மேலே இரண்டு நாற்காலி, ஒரு மேசை. ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் முதலாளி. நாற்காலியில் ஒன்று எனக்கு, மற்றது சாருக்கு. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "ஆகியிருந்தா என்னென்ன ஆகியிருக்குமோ" என்பார்.

முதலாளிக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம். அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் மூன்று அறைகள். பாண்டியம்மா என்பவள் அடுப்பில் விறகு தள்ளுவாள். அந்தச் சூடு குழாய் வழியாக அறைகளுக்குப் போகும். சூடு ஏறிவிட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும், வெளுத்த காயை யாரும் சீந்த மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு அறையின் சூட்டையும் அங்கேயிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அளந்துகொண்டே இருக்கும். நாங்கள் கீழே போடியில் இருந்தபடி இணையம் வழியாக அதற்குள் நுழைந்து பார்ப்போம். ஏறினால் போன் அடிக்க வேண்டும்: "பாண்டியம்மா, ரெண்டாம் ரூமு ஏறுது, வெறகை இழு." அவள் இழுப்பாள். இதுதான் எங்கள் வேலை.

முதலில் அந்தக் கம்ப்யூட்டருக்குத் திரை இருந்தது. புகையிலும் ஈரத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று திரைகள் செத்தன. ஒவ்வொன்றும் சாகப்போகும் மாதத்தைச் சார் முன்கூட்டியே சொன்னார். மூன்றாவது போனதும், "தலைதான பிரச்சினை? தலைய எடுத்துட்டாப் போச்சு" என்று லினக்ஸ் போட்ட ஒரு பழைய பெட்டியைத் திரையில்லாமல் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு வந்தார். இப்படித் திரையில்லாமல் இருப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹெட்லெஸ்' என்று பெயராம். தலையில்லாதது. சார் அதைத் தமிழில் முண்டம் என்றார்.

முண்டம் என்பது நம் ஊரில் எப்போதெல்லாம் வாயில் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் முதலாளி மேலே ஸ்டோருக்குப் போயிருந்தபோது பாண்டியம்மாவின் போன் அடிக்க, அவரே எடுத்திருக்கிறார். இந்தப் பக்கம் சார் எடுத்த எடுப்பில் கேட்டார்: "முண்டம் எந்திரிச்சிருச்சா?"

"யாரைக் கேக்குறீங்க?" என்றிருக்கிறார் முதலாளி.

சாருக்குக் குரல் பிடிபடவில்லை. "மூலையில சும்மா உக்காந்திருக்குமே, அதத்தான் கேக்குறேன். எந்திரிக்கலேன்னா முதுகுப்பக்கம் ஒரு பட்டன் இருக்கும், அஞ்சு எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடி."

முதலாளி அப்போது மூலையில்தான் உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்குச் சாரின் வேலை போகாதது பெரிய விஷயம். வேலைக்குப் பதில் பெயர் போயிற்று. டீக்கடை முதல் தபால்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் முண்டம் சார் ஆனார். அவர் அதற்கும் கோபப்படவில்லை. "இதைவிட மோசமா வச்சிருப்பாங்க, தப்பிச்சேன்" என்றார்.

பாண்டியம்மாதான் மிரண்டுபோனாள். தலையில்லாத ஒன்று மூலையில் உட்கார்ந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பயமிருக்காது? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து அதன்மேல் கட்டிவிட்டாள். மிளகாய்க் காம்பு காற்றாடிக்குள் போய்ச் சிக்கி, பெட்டி சூடேறி நின்றது. சார் ஜீப்பில் ஏறி, வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு மேலே போய், மிளகாயை எடுத்துவிட்டு வந்தார்.

முண்டத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. தனக்குத் திரை இல்லை என்று அதற்குத் தெரியும். ஆகவே நாங்கள் கீழேயிருந்து உள்ளே நுழைந்தால், கைக்குட்டை அளவுக்கு ஒரு படத்தைக் காட்டிவிட்டு நின்றுகொள்ளும். முதல் அறையின் சூடு தெரியும். மற்றது தெரியாது.

"பாக்க ஆளில்லேன்னா அது எதுக்குத் தாயி பெருசா வரையப்போகுது? நாங்கூட வீட்ல சட்டைய மடிக்கிறதில்லையே" என்றார் சார். பிறகு எங்கிருந்தோ விரல் நுனி அளவில் ஒரு சொருகு வரவழைத்தார். திரையின் ஒயரை மாட்டுகிற ஓட்டையில் அதைச் செருகினால், தனக்குப் பெரிய திரை இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் பொய்த்தலை. அதைப் போனில் சொல்லிச் சொல்லிப் பாண்டியம்மாவையே செருக வைத்தார். அவளுக்கு அன்றுதான் நிம்மதி. மலையில் இருந்து இருந்து பாதி மலையாளம் ஒட்டிக்கொண்ட பேச்சில், "தலை வச்சாச்சு சாரே, இனி பேடியில்லை" என்றாள். இனிமேல் பயமில்லை என்று பொருள்.

தலை வந்ததும் எங்களுக்குள் சண்டை வந்தது. இனி திரையை எந்த அளவில் வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு வரி தட்டினால் போதும். எனக்குப் பெரிய அளவு வேண்டும். அப்போதுதான் மூன்று அறைகளும் ஒன்றாகத் தெரியும், பக்கத்தில் கடிதமும் அடிக்கலாம். சாருக்கு எண்ணூறுக்கு அறுநூறு. அந்த அளவில் எழுத்தெல்லாம் கடைப் பலகை மாதிரி வரும், ஆனால் இடம் குறைந்துவிடும். மூன்றாவது அறையின் சூடு திரைக்குக் கீழே போய் மறைந்துகொள்ளும். சார் அரைமணிக்கொரு தரம் படத்தை மேலே இழுத்து அதையும் பார்த்துவிட்டுக் கீழே விடுவார். காலையில் அவர் முறை, மத்தியானம் என் முறை; இது எங்களுக்குள் பேசிக்கொண்ட ஏற்பாடு, முதலாளிக்குத் தெரியாது. நான் உட்கார்ந்ததும் பெரிதாக்குவேன். அவர் வந்ததும் மாற்றுவார். கடைசியில், "தயவுசெய்து இந்த அளவை மாற்றாதீர்கள்" என்று எழுதி அவர் கண்ணெதிரே சுவரில் ஒட்டினேன்.

"என்ன தாயி, புதுக் காலண்டரா?" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் இரண்டு நாள் பேசவில்லை.

அந்தச் சமயத்தில் அவருடைய புலம்பலும் அதிகமாகிவிட்டது. "எல்லாம் இருட்டிக்கிட்டு வருது தாயி" என்பார், நல்ல வெயிலில். "இந்த ஊர்ல வெளிச்சமே கொறஞ்சுபோச்சு" என்பார். நாங்கள் சிரிப்போம். கீழே காய் பிரிக்கும் பெண்கள் அவர் படியிறங்குவதைப் பார்த்து, "சாரே, இன்னைக்கு எம்புட்டு இருட்டு?" என்று கேட்பார்கள். கைப்பிடியைத் தடவிக்கொண்டே, "நேத்தவிட இன்னைக்குக் கூடத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இதற்கு நடுவில் கேதம், சாவு வீடு என்று அடிக்கடி மதுரைக்குப் போய்வந்தார். இரண்டு மாதத்தில் நாலு கேதம். "உங்க சொந்தக்காரங்க என்ன சார், வரிசையில நிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"கூடப் பொறந்ததுக ரெண்டு. இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்றார். அதையும் நான் நம்பினேன்.

ஆடி மாதம் அது. மலையில் விடாத மழை. ஐந்தாவது கேதத்துக்கென்று சார் மத்தியானம் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் உட்கார்ந்து பார்த்தால் மறுபடி கடைப்பலகை எழுத்து. எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. இன்று மாற்றப்போவதில்லை, இப்படியே வைத்திருந்து சாயங்காலம் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டி இந்த மனிதரை ஒரு வழி பண்ணுவது என்று முடிவு செய்தேன். முதல் அறை நாற்பத்தெட்டு, இரண்டாவது ஐம்பது. சரியாக இருந்தது. முதலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் குரலை உயர்த்துவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படத்தை மேலே இழுத்து மூன்றாவது அறையைப் பார்க்க ஒரு நொடி போதும். பார்க்கவில்லை.

ஆறு மணிக்குப் பாண்டியம்மா அழைத்தாள். அக்கா என்பதற்கு அவளுக்குச் சேச்சிதான். "சேச்சி, மூணாம் ரூமுல வாசம் மாறுது." அவள் போய்க் கதவைத் திறந்தால் ஒரு லோடு காயும் வெளுத்துக் கிடந்தது.

முதலாளி யோசிக்கவே இல்லை. "அடுப்படியில ஒறங்கிட்டா. நாளைக்கே கணக்கு முடிச்சுக் கீழ எறக்கிருங்க" என்றார். வேலை போனால், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் அவள் இருக்கிற வீடும் போகும். இரவுக்குள் இரண்டு முறை அழைத்தாள். "சேச்சி, சத்தியமா நான் ஒறங்கல. நீங்க விளிப்பீங்கன்னு போனைக் கையிலயே வச்சிருந்தேன்" என்று அழுதாள்.

நான், "பாப்போம்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சார் வந்தார். இடது கண்ணில் வெள்ளைப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன், நான் உட்கார்ந்திருந்ததைத் தவிர. அவர் முகத்தைத் திரையோடு ஒட்டவைத்து, முண்டம் எழுதிவைத்திருந்த சூட்டுக் குறிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூக்கு திரையில் உரசியது. அதைப் பார்த்த பிறகுதான், சுவரில் ஒட்டிய காகிதத்தை அவர் காலண்டர் என்றதும், கண் ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்து கேதமும், இழுத்துக்கொண்டு கிடந்த அந்த இரண்டும், ஆறு மாத இருட்டும் எனக்குப் புரிந்தன. இத்தனை நாள் இதைத்தான் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"ரெண்டு மணியில இருந்து ஏறியிருக்கு" என்றார். இரண்டு மணிக்கு அந்த நாற்காலி யாருடையது என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் போனார்.

"மொதலாளி, பாண்டியம்மா மேல தப்பில்ல. இங்க இருந்து போன் போகல. எனக்கு ஒரு கண்ணு போயிருச்சு, இன்னொண்ணும் போய்க்கிட்டிருக்கு. எழுத்துத் தெரியணும்னு நாந்தான் ஸ்க்ரீனை மாத்தி வச்சேன். மூணாம் ரூமு மறஞ்சுபோச்சு."

"என்னய்யா சொல்றீங்க? எத்தன நாளா?"

"ஆறு மாசமா இருட்டிக்கிட்டு வருதுன்னு சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்."

முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கண்ணைப் பாருங்க. சரியானதும் வாங்க" என்றார். அது சரியாகாது என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு மணிக்கு இருந்தவள் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். தட்டிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன். பாண்டியம்மா வேலையில் நீடித்தாள். சாரின் நாற்காலி காலியானது, இரண்டு முறையும் என் முறையானது.

எட்டு மாதம் கழித்து, சாரைப் பார்க்க அவர் தங்கை இருக்கிற சிலமலைக்குப் போனேன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். சுத்தமாகப் பார்வையில்லை. என் குரலைக் கேட்டதும், "வா தாயி. எங்கயோ அணை நெறஞ்சிருச்சாம். ஒடையப்போகுது" என்றார்.

"சார், அன்னைக்கு மத்தியானம் சீட்ல நான்தான் இருந்தேன்" என்றேன். அழுதுவிட்டேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?"

"எனக்குப் போறது எப்பிடியும் போகப்போகுது. உன்னையும் சேத்து இழுத்துட்டு வந்துட்டா, அங்க ரெண்டு சீட்டும் காலி. பாண்டியம்மாவுக்கு யாரு போன் அடிப்பா?" போனை அணைத்து மடியில் வைத்தார். "நீயும் ரொம்ப நாளு தாக்குப்பிடிக்க மாட்ட. பாவம், அவ கதி என்ன ஆகுமோ."

முதலாளிக்கு இன்றுவரை இது தெரியாது. இந்தப் பத்திரிகையை அவர் ராசிபலனுக்காக மட்டும் வாங்குகிறவர். இந்த வாரம் இந்தப் பக்கமும் கண்ணில் படலாம். படட்டும். அவராகப் படிக்காவிட்டால் திங்கட்கிழமை நானே மேசையில் விரித்துவைக்கிறேன். ஒரு லோடு காயைப் பாழாக்கியவர் என்று சாரைப் பற்றிக் கடைத்தெருவில் இன்னும் பேச்சிருக்கிறது. பாழாக்கியவள் நான்.

இப்படி எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் சார் என்னைச் சும்மா விடமாட்டார். வேறு யாராவது வாசித்துக் காட்டி அவருக்குத் தெரியவேண்டாம். இது வெளியாகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நானே சிலமலைக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, இதை முழுவதும் வாசித்துக் காட்டி, அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன்.