சமையலறையில் இருக்கும் நெபுலா

வானியலில் எனக்கும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. சரியாக ஏழு நிமிடம் உயிரோடு இருந்தது.

எண்பதுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் தற்காலிக டெக்னீஷியன். பெங்களூர் விஞ்ஞானிகள் பலூனில் கட்டி அனுப்பப்போகும் காமா கதிர்க் கருவியை அங்கே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தோம். வெடித்துப்போன நட்சத்திரத்தின் மிச்சமான பல்சர், பம்பரமாகச் சுற்றித் துகள்களைக் காற்றாக வீசுமாம். அந்தக் காற்றால் ஒளிரும் மேகம்தான் அவர்கள் தேடும் நெபுலா; நண்டு நெபுலா அதில் ஒன்று. அதை எக்ஸ்ரேயிலும் காமாவிலும் பார்த்து அடையாளம் காண வேண்டும். (இதை மூன்று நாள் மனப்பாடம் செய்தேன்.) பெங்களூரிலிருந்து விஞ்ஞானி மேடம் ஒருவர் வந்து செய்யும் சோதனையில் கருவி தேறினால் என் வேலை நிரந்தரம்.

சோதனைக்கு முந்தின நாள், கெலமங்கலத்திலிருந்து அப்பா டிராக்டரில் ஒரு ரோஸ் நிறக் கிரானைட் பலகையோடு வந்து இறங்கினார்.

"பெங்களூர் மேடம் வர்றாங்க, ஆடுற மேசை மேலயா வெப்ப? மானம் போயிடும்டா!"

மறுநாள் கருவியைப் பலகைமேல் வைத்தேன். அதில் பதிவாகும் கதிர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. முந்தின நாளைவிட ஒன்றரை மடங்கு! அந்த மாதம் நண்டு நெபுலா பகலில் தலைக்குமேல் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். போதாதா? மேடம் உள்ளே நுழைந்ததுமே, "நெபுலாவைப் புடிச்சிட்டேன் மேடம்!" என்று கத்தினேன். அப்பா, என்ன ஏதென்று தெரியாமலே கண் கலங்கினார்.

மேடம் கூரையைப் பார்த்தார். "ஏன்ரீ," என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார், "அந்தக் கதிரெல்லாம் இவ்ளோ காத்தைத் தாண்டிக் கீழ வராது. வந்தா நாங்க எதுக்கு பலூன் விடறோம்?"

கருவியைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொன்னார். எண்ணிக்கை இறங்கியது. மறுபடி பலகையில் வைத்தோம். ஏறியது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். என் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"கல்லு நல்ல கல்லுதானுங்க," என்றார் அப்பா, பலகையைத் தடவியபடி.

மேடம் சிரித்துவிட்டார். "நல்ல கல்லுதான் ஐயா. கிரானைட்ல துளியூண்டு கதிர் இருக்கும், பயப்படாதீங்க. அந்தத் துளியையே எண்ணுதே, உங்க மகன் பூட்டின பெட்டி!"

கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரமானது. பிறகு பலூன் ஏறியது. என் கை ஈயம் உருக்கி சால்டர் வைத்த பெட்டி, நண்டு நெபுலாவை நிஜமாகவே பார்த்தது. இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

பலகை இப்போது எங்கள் வீட்டுச் சமையல் மேடை. சமையல் முடிந்ததும் என் மனைவி குரல் கொடுப்பாள்: "கண்டுபிடிச்சவரே, வந்து நெபுலாவைத் தொடைங்க!"

துடைக்கிறேன். வேறு எந்த விஞ்ஞானிக்கு அது கையில் கிடைத்தது?